கடல் கட்டிகள்

மன்னார்ப் பெருநிலக் கரையில், நறுவிலிக்குளத்திலிருந்து தெற்கு நோக்கிச் சென்றால் அரிப்பும் அதற்கப்பால் சிலாவத்துறையும் வரும். சலாபம் என வழங்கிய முத்துக்குளிப்புக் காலத்தில் இக்கரையில் ஓலைக்குடிசைகளாலான ஒரு நகரமே எழுவதுண்டு. தூத்துக்குடிப் பரதவரும், கீழக்கரை முஸ்லிம்களும், அரபு நாட்டவரும் குளிக்க வருவர். அத்தனை பேரும் ஒரு மனிதனை எதிர்பார்த்து நின்றனர். அவன் நீரில் இறங்குவதில்லை, சிப்பி அள்ளுவதுமில்லை. கடல் கட்டி என்பது அவனுக்குப் பெயர்.

சுறாக்களின் வாயை மந்திரத்தால் கட்டுவதே அவனது தொழில். அது தந்தைவழி மைந்தருக்கு வரும் உரிமை. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கடலைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ, மீன்களைக் கட்டுவோருக்கு இருபதில் ஒரு பங்கு கொடுக்கப்பட்டது என்கிறார். இரவில் எவரும் களவாகக் குளியாதபடி, அந்தியில் அவர்கள் மந்திரத்தை அவிழ்த்துவிடுவார்களாம். காவலர் பலரை நிறுத்துவதிலும் இது செலவு குறைந்த ஏற்பாடுதான்!

ஆங்கில அரசு மந்திரத்தை நம்பியதில்லை. ஆயினும் கடல் கட்டியை விலக்கவும் துணியவில்லை. அவன் இல்லையேல் குளிகாரர் தோணியிலிருந்து இறங்க மறுத்தனர். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் இலங்கையில் குடியேற்றநாட்டுச் செயலாளராயிருந்த எமர்சன் டெனன்ட், தம் காலத்துக் கடல் கட்டி கத்தோலிக்கர் என்று குறித்துள்ளார். சமயம் மாறியும் குடும்பத்தின் உரிமை மாறவில்லை. குளிகாரரின் நம்பிக்கையும் குறையவில்லை.

இந்நம்பிக்கையை எளிதில் நகைத்துத் தள்ளலாகாது. குளிகாரன் கல்லொன்றில் கால் வைத்து, மூச்சை அடக்கி, பல பாகம் ஆழத்துக்கு இறங்குகிறான். ஏறத்தாழ ஒரு நிமிடத்துள் கைக்கெட்டிய சிப்பிகளைக் கூடையில் வாரிக்கொண்டு கயிற்றை அசைக்க வேண்டும். இவ்வாறு நாளொன்றுக்குப் பலமுறை. அந்த ஒரு நிமிடத்தில் அச்சம் மனத்தைப் பற்றினால் மூச்சும் தங்காது. உண்மையில் சுறாவால் நேர்ந்த தீங்கு மிகச் சிலவே. பல நூறு பேர் ஒருங்கே குளிக்கும் ஆரவாரமே சுறாக்களை விலக்கியது என்று டெனன்ட் கருதினார். கடல் கட்டி கட்டியது சுறாவின் வாயையன்று, மனிதனின் அச்சத்தை எனலாம்.

உயிரைக் காக்கும் பொறுப்பு மட்டும் மேலே கயிறு பிடித்தவனுடையது. அக்கயிற்றை மைத்துனன் கையிலேயே கொடுப்பது வழக்கம் என்று கடற்கரை மக்கள் கூறுவர். தன் உடன்பிறந்தாள் தாலியிழக்க அவன் விடமாட்டான் அல்லவா? மந்திரத்தை நம்பியவர்கள் இவ்வகைக் கணக்கையும் மறந்தாரில்லை.

1906இல் அரசு முத்துப்பார்களை இலண்டன் கம்பெனியொன்றுக்குக் குத்தகைக்கு விட்டது. 1907க்குப் பின் பார்களில் சிப்பி கிட்டவில்லை. கம்பெனி நட்டமுற்றுக் கலைந்தது. 1925இல் மீண்டும் ஒரு குளிப்பு நடந்தது. அதன் பின்னர்ப் பழைய அளவிலான சலாபம் இக்கரையில் கூடவில்லை. கடல் கட்டியை அழைக்க எவருக்கும் தேவை நேரவுமில்லை.