கண்ணாடியின் ஆயுளைத் தீர்மானிக்கும் குட்டி ஸ்க்ரூ: நீண்டநாள் உழைக்கும் ‘ஹிஞ்ச்’ எப்படி இருக்க வேண்டும்?

புதுக் கண்ணாடி வாங்கப் போனால் எதையெல்லாம் பார்க்கிறோம்? பிரேம் முகத்துக்குப் பொருந்துகிறதா, லென்ஸில் ப்ளூ கட் இருக்கிறதா, இன்னொன்று இலவசமாகக் கிடைக்குமா... இவ்வளவுதான். ஆனால் பலருக்கும் கண்ணாடி தகராறு செய்ய ஆரம்பிப்பது லென்ஸில் இல்லை. பிரேமும் கையும் சேரும் அந்த மூட்டில்தான். ஒருநாள் ஆபீஸில் கண்ணாடியைக் கழற்றி வைக்கும்போது ஒரு பக்கக் கை தனியாகக் கழன்று வரும். "ஸ்க்ரூ எங்கேயோ விழுந்துடுச்சு" என்று மேஜைக்கு அடியில் தேடிக்கொண்டிருப்போம்.

இந்த மூட்டை நாம் ‘ஹிஞ்ச்’ என்கிறோம். தமிழில் கீல், கேரள எல்லையில் கேட்டால் ‘விஜாகிரி’ என்பார்கள். அரிசி மணியை விடச் சின்னதாக இருக்கும் இதன் வடிவமைப்பில் என்ன சிக்கல்? பராமரிப்பே வேண்டாத கீல் ஒன்றைச் செய்ய முடியாதா? விரிவாகப் பார்ப்போம்.

இது யாருக்குப் பெரிய பிரச்னை?

ஐ.டி. நிறுவனத்தில் வேலை பார்ப்பவருக்கு கீல் உடைவது ஒரு தொல்லை மட்டும்தான். மாலையில் கடைக்குப் போய்ச் சரிசெய்துகொள்ளலாம், அல்லது ஆப்பில் புதுசு ஆர்டர் போடலாம். எல்லோருக்கும் அப்படி இல்லை.

கேரளத்தின் தென்கோடியில், நெய்யாற்றின்கரை தாலுகாவில் இருக்கும் அதியன்னூரை எடுத்துக்கொள்வோம். 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு இணைந்தபோது, நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றுவிட்டது. இன்றும் இங்கிருந்து பாறசாலை வரையிலான ஊர்களில் தமிழும் மலையாளமும் கலந்தே புழங்குகின்றன.

பக்கத்திலேயே பாலராமபுரம். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், திருவிதாங்கூர் மன்னர் பாலராமவர்மா காலத்தில், தமிழ்ப் பகுதியிலிருந்து அழைத்துவரப்பட்ட சாலியர் நெசவாளர்கள் குடியேறிய ஊர். குழித்தறியில் மெல்லிய நூலைக் கொண்டு நெய்யும் வேலை அது. அதியன்னூர் வட்டாரத்தின் கடலோரமான கரும்குளம், கோட்டுகால் பகுதிகளில் மீன்பிடித் தொழில். அங்கே வலையில் கிழிந்த கண்ணிகளைக் கோக்க வேண்டும். இரண்டுமே கைக்கெட்டும் தூரத்தில் பார்வை தெளிவாக இருந்தால்தான் நடக்கும்.

40 வயதைத் தாண்டினால் பெரும்பாலானோருக்குக் கிட்டப் பொருள் மங்க ஆரம்பிக்கும். ‘வெள்ளெழுத்து’ என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வது இதைத்தான். உலக சுகாதார நிறுவனத்தின் 2019 பார்வை அறிக்கைப்படி, வெள்ளெழுத்து இருந்தும் அதற்கான தீர்வு கிடைக்காதவர்கள் உலகில் 82.6 கோடிப் பேர்.

ஒரு கண்ணாடியால் வருமானம் எவ்வளவு மாறும் என்பதற்கு இந்தியாவிலேயே ஆதாரம் உண்டு. அசாம் தேயிலைத் தோட்டங்களில் 40 வயதைக் கடந்த 751 தொழிலாளர்களிடம் நடந்த ஆய்வு, 2018-ல் ‘லான்செட் குளோபல் ஹெல்த்’ இதழில் வெளியானது. கண்ணாடி கிடைத்தவர்கள் பறித்த இலையின் அளவு, கிடைக்காதவர்களோடு ஒப்பிடும்போது சுமார் 22 சதவீதம் அதிகமாக உயர்ந்தது.

அப்படியென்றால், கண்ணாடியின் கீல் உடைந்து அது பெட்டிக்குள் போய்விட்டால் இந்தப் பலனும் கூடவே போய்விடும். நெசவாளருக்கும் வலை கோப்பவருக்கும் கீல் என்பது கூலி சம்பந்தப்பட்ட விஷயம்.

கீல் எப்படி வேலை செய்கிறது?

கண்ணாடியின் கையை முழுசாகத் திறந்து, உள்பக்கமாக உற்றுப் பாருங்கள். குட்டிக் குட்டி வளையங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியதுபோல் தெரியும். சில வளையங்கள் பிரேமோடு சேர்ந்தவை, சில கையோடு சேர்ந்தவை. இவை ஒன்றுக்குள் ஒன்று கோத்திருக்கும். நடுவே மேலிருந்து கீழாக ஒரு ஸ்க்ரூ போகும். பொதுவாக அதன் தடிமன் 1.2 முதல் 1.4 மி.மீ. வரைதான்.

வளையங்கள் மொத்தம் 3, 5 அல்லது 7 இருக்கும். எண்ணிக்கை கூடினால் உரசும் பரப்பு கூடும், அழுத்தம் பிரிந்துபோகும், தேய்மானம் மெதுவாகும். அதனால்தான் கனமான பிரேம்களில் 5 அல்லது 7 வளையக் கீல் போடுகிறார்கள். மெல்லிய உலோக பிரேமில் இடம் குறைவு, அதனால் 3.

காதில் மாட்டும் கண்ணாடியே 18-ஆம் நூற்றாண்டில்தான் வந்தது. லண்டனைச் சேர்ந்த ஜேம்ஸ் ஐஸ்கோ 1752-ல் இரண்டு இடத்தில் மடங்கும் கை வைத்த கண்ணாடியை விளம்பரப்படுத்தினார். அதற்குப் பிறகு லென்ஸ் எவ்வளவோ மாறிவிட்டது. வளையத்துக்குள் ஊசியோ ஸ்க்ரூவோ போகும் கீலின் அடிப்படை மட்டும் பெரிதாக மாறவில்லை.

ஏன் லூஸ் ஆகிறது, ஏன் உடைகிறது?

நான்கு காரணங்கள்.

1. மடக்குவதே திருப்புவது. ஸ்க்ரூவின் மரை பிடித்திருப்பது அடி வளையத்தில் மட்டும். கையை மடக்கும்போது உரசும் வளையங்கள் ஸ்க்ரூவையும் துளி அளவு சேர்த்தே திருப்பப் பார்க்கும். ஒருநாளைக்கு 5 தடவை திறந்து மூடினால், வருஷத்துக்கு 1,825 தடவை. 3 வருஷத்தில் 5,000-ஐத் தாண்டிவிடும். ஸ்க்ரூ லூஸ் ஆவதில் ஆச்சரியமே இல்லை.

2. நெம்புகோல். கண்ணாடிக் கையின் நீளம் பெரும்பாலும் 135 முதல் 145 மி.மீ. முழுசாகத் திறந்த கையை இன்னும் வெளியே இழுத்தால், கீல் தாங்கி நிற்கும் இடத்துக்கும் ஸ்க்ரூவுக்கும் நடுவே சுமார் 3 மி.மீ. தான் இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். 140-ஐ 3-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 47. காதுப் பக்கத்தில் 100 கிராம் எடைக்குச் சமமாக அழுத்தினால், கீலில் நாலரை கிலோவுக்கும் மேல் விழும். ஒற்றைக் கையால் கண்ணாடியைக் கழற்றுவது, கண்ணாடியோடு ஹெல்மெட் மாட்டுவது, தலையில் ஏற்றி வைப்பது எல்லாமே இந்த வேலையைத்தான் செய்கின்றன.

3. வியர்வையும் உப்புக்காற்றும். பல கீல்கள் செம்பு, நிக்கல், துத்தநாகம் சேர்ந்த கலவையில் செய்யப்படுகின்றன. ‘ஜெர்மன் சில்வர்’ என்று பெயர், ஆனால் வெள்ளி துளிகூட இல்லை. வியர்வை பட்டால் இதில் பச்சை படியும். கீல் ஒரு உலோகம், ஸ்க்ரூ வேறு உலோகம் என்றால், நடுவில் உப்பு நீர் சேரும்போது ஒன்று இன்னொன்றை அரிக்கவும் செய்யும். திருவனந்தபுரம், கன்னியாகுமரி, சென்னை மாதிரி கடலோர ஊர்களில் இது இன்னும் வேகமாக நடக்கும்.

4. கீல் பிடித்திருக்கும் இடம். சில நேரம் கீல் நன்றாகவே இருக்கும். அதைத் தாங்கும் பிளாஸ்டிக் விரிசல் விடும். அசிடேட் பிரேமில் கீலைச் சூடாக்கி உள்ளே பதிப்பார்கள், அல்லது ஆணி போல ரிவெட் அடிப்பார்கள். ரிவெட் அடித்ததைக் கழற்றி மாற்றலாம். மலிவான பிரேம்களில் கீலும் அதே பிளாஸ்டிக்கில் வார்த்திருக்கும். உடைந்தால் மொத்தமும் குப்பைதான்.

தரக் கட்டுப்பாடு எதுவும் இல்லையா?

இருக்கிறது. கண்ணாடி பிரேம்களுக்கான சர்வதேசத் தர அளவு ஐ.எஸ்.ஓ. 12870. இதன்படி, பிரேமின் ஒரு கையை இறுக்கிப் பிடித்து, இன்னொரு கையை இயந்திரம் சுழற்றி இழுக்கும். நாம் ஒற்றைக் கையால் கழற்றுவதை அப்படியே நகலெடுக்கும் சோதனை இது. 500 சுற்று முடிந்த பிறகும் பிரேம் உடையக் கூடாது, அளவுக்கு மேல் வளைந்துவிடக் கூடாது. சாதாரணக் கீல் என்றால், கை தன் எடையாலேயே தொங்கி மூடிக்கொள்ளவும் கூடாது. செயற்கை வியர்வையில் வைத்துப் பார்க்கும் சோதனையும் தனியாக உண்டு.

ஆனால் 500 என்பது குறைந்தபட்சத் தேர்ச்சி மதிப்பெண்தான். தினம் மூன்று தடவை ஒற்றைக் கையால் கழற்றுகிறவர் ஆறு மாசத்துக்குள் அந்த எண்ணிக்கையைத் தொட்டுவிடுவார்.

சரி, என்னென்ன தீர்வுகள் இருக்கின்றன?

ஸ்க்ரூவைப் பிடித்து வைப்பது: மரையில் நைலான் பூச்சு உள்ள ஸ்க்ரூ, மரைப் பசை, கூடுதல் நட்டு ஆகியவை அது தானாகத் திரும்பாமல் தடுக்கும். வளையங்களுக்கு நடுவே மெல்லிய வாஷர் போட்டால் தேய்மானம் வாஷரோடு நின்றுவிடும். டைட்டானியக் கீலுக்கு இது ரொம்ப முக்கியம். டைட்டானியம் துருப்பிடிக்காது, ஆனால் டைட்டானியத்தோடு டைட்டானியம் உரசினால் ஒன்றையொன்று கவ்விப் பிடித்துக்கொள்ளும்.

ஸ்பிரிங் கீல்: கை வெளிப்பக்கமும் கொஞ்சம் விரியும். நெம்புகோல் அழுத்தத்தை ஸ்பிரிங் வாங்கிக்கொள்வதால் குழந்தைகளுக்கும், அடிக்கடி கழற்றுபவர்களுக்கும் வசதி. சிக்கல் என்னவென்றால், குட்டிப் பெட்டிக்குள் ஸ்பிரிங்கும் நகரும் துண்டும் இருக்கும். தூசி, வியர்வை, தலைக்கு வைக்கும் எண்ணெய் எல்லாம் உள்ளே போய் அடைத்தால் இறுகிவிடும். போனால் சின்னக் கடையில் சரிசெய்வது கஷ்டம்.

ஸ்க்ரூவே இல்லாத கீல்: டென்மார்க்கின் லிண்ட்பெர்க் நிறுவனம் 1980-களிலேயே டைட்டானியக் கம்பியைச் சுருட்டி, ஸ்க்ரூவும் ரிவெட்டும் இல்லாமல் மூட்டை உருவாக்கியது. ஜெர்மனியின் ஐசி பெர்லின், உலோகத் தகடுகளை ஒன்றுக்குள் ஒன்று செருகி கீல் செய்தது. லூஸ் ஆக ஸ்க்ரூவே இல்லை என்பது இவற்றின் பலம். விலையும், பழுதானால் அந்த நிறுவனத்தையே தேட வேண்டியிருப்பதும் பலவீனம்.

கம்பியே கீல்: இதே யோசனையை ஏழைகளுக்காகத் திருப்பிப் போட்டவர் மார்ட்டின் ஆஃப்முத். ஜெர்மனியின் எர்லாங்கன் நகரில் கணிதமும் இயற்பியலும் நடத்திய ஆசிரியர். 2012-ல் ‘ஒன் டாலர் கிளாசஸ்’ அமைப்பைத் தொடங்கினார். மின்சாரம் தேவைப்படாத ஒரு சின்னப் பெட்டி இயந்திரத்தில் ஸ்பிரிங் ஸ்டீல் கம்பியை வளைத்து, உள்ளூர் ஆட்களே பிரேம் செய்வார்கள். மூட்டும் அதே கம்பியின் வளைவுதான். தயாராக வெட்டிய லென்ஸை அழுத்தினால் பொருந்திவிடும். பொருள் செலவு சுமார் ஒரு டாலர். இந்தியாவில் இது ‘கேர் நேத்ரம்’ என்ற பெயரில் செயல்படுகிறது.

அப்போ எதுதான் சிறந்தது?

பராமரிப்பு குறைவு என்றால் அதற்கு இரண்டு அர்த்தம்தான் இருக்க முடியும். ஒன்று, கீலில் கழன்று விழ எதுவுமே இருக்கக் கூடாது. இல்லையென்றால், கழன்று விழுவது பக்கத்துக் கடையில் கிடைப்பதாக இருக்க வேண்டும்.

கம்பிக் கீல் முதல் வகை. சாதாரண 1.4 மி.மீ. ஸ்க்ரூ போட்ட 5 வளையக் கீல் இரண்டாவது வகை. கிராமத்தில் கண்ணாடிக் கடை இல்லாவிட்டாலும் வாட்ச் ரிப்பேர் செய்பவரிடம் அதற்கான சின்ன ஸ்க்ரூடிரைவர் இருக்கும். மாட்டிக்கொள்வது நடுவில் இருப்பவர்கள்: பார்க்க நவீனமாக இருக்கும், ஆனால் அந்த பிராண்டுக்கு மட்டுமே பொருந்தும் உதிரிபாகம் கொண்ட மலிவான கீல். நகரத்தில் அது கூரியரில் வரும். எல்லைக் கிராமத்தில் கண்ணாடி அலமாரிக்குப் போகும்.

பார்வை முகாம்களுக்கும் இது பொருந்தும். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை முகாமிலேயே கண்ணாடியைத் தயார்செய்து கையில் கொடுத்துவிடும் முறையைப் பல வருஷமாகக் கடைப்பிடிக்கிறது. இரண்டாவது தடவை அலைய வேண்டியிருந்தால் பலர் வரமாட்டார்கள் என்பதே காரணம். ரிப்பேருக்கும் அதே கணக்குதான். இலவசக் கண்ணாடி வழங்கும் அரசுத் திட்டங்கள் டெண்டரில் பவரையும் விலையையும் குறிப்பிடுவதோடு, கீலின் வகையையும் ஸ்க்ரூவின் அளவையும் குறிப்பிட்டு, கண்ணாடியோடு இரண்டு ஸ்க்ரூவைச் சேர்த்துக் கொடுத்தால் செலவு பெரிதாகக் கூடாது. கண்ணாடியின் ஆயுள் கூடும்.

அடுத்த தடவை வாங்கும்போது என்ன பார்க்கணும்?

- கையைப் பாதி திறந்து விட்டுப் பாருங்கள். அது அங்கேயே நிற்க வேண்டும். தொங்கினால் கீல் தளர்வு.
- வளையங்களை எண்ணுங்கள். தடிமனான பிரேமுக்கு 5 இருந்தால் நல்லது.
- "ஸ்க்ரூ ஸ்டாண்டர்ட் சைஸா? தனியா கிடைக்குமா?" என்று கேளுங்கள். ஊரில் இருக்கும் அப்பா அம்மாவுக்கு வாங்கும்போது இந்தக் கேள்வியை விடாதீர்கள்.
- அதிகம் வியர்ப்பவரா, கடலோரத்தில் இருக்கிறீர்களா? கீலும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலா அல்லது டைட்டானியமா என்று கேளுங்கள். ‘டைட்டானியம் பிரேம்’ என்றாலே கீலும் டைட்டானியம் என்று அர்த்தமில்லை.

வீட்டில் செய்ய வேண்டியவை

- இரண்டு கையாலும் கழற்றுங்கள். கீலின் ஆயுளைக் கூட்ட இதைவிட மலிவான வழி இல்லை.
- ஹெல்மெட் போட்ட பிறகு கண்ணாடியை மாட்டுங்கள். கழற்றும்போது முதலில் கண்ணாடி, பிறகு ஹெல்மெட்.
- வியர்த்த நாளில் சாதாரணத் தண்ணீரில் கழுவி, கீலில் ஈரம் நிற்காமல் துடையுங்கள்.
- ஸ்க்ரூ அடிக்கடி லூஸ் ஆனால், இறுக்கிவிட்டு அதன் தலையில் நிறமில்லாத நெயில் பாலிஷ் ஒரு சொட்டு வைக்கலாம். அடுத்த தடவை ஸ்க்ரூடிரைவருக்கு அது வழிவிடும்.
- ஃபெவிக்விக் மாதிரி உடனடிப் பசை வேண்டாம். கீல் மடங்காமல் போய்விடும். அதன் ஆவி லென்ஸில் வெள்ளையாகப் படியவும் செய்யும்.
- தேங்காய் எண்ணெயும் வேண்டாம். முதல் நாள் வழுக்கும், பிறகு தூசியைப் பிடித்துப் பிசுக்காகும்.
- கை ஆட ஆரம்பித்த அன்றே இறுக்குங்கள். ஆடும் கீலில் வளையங்கள் சாய்வாகத் தேயும். அதற்குப் பிறகு புது ஸ்க்ரூ போட்டாலும் பழைய பிடிப்பு வராது.