நாற்பத்தொன்றைக் கூட்டிப் பாருங்கள்

அடுத்தடுத்த இரண்டு எண்களைப் பெருக்கிக்கொண்டே போனால் 0, 2, 6, 12, 20, 30 என்று ஒரு வரிசை வரும். எல்லாம் இரட்டைப்படை, 2-ஐ விட்டால் பகா எண் ஒன்றுகூடத் தேறாது. இப்போது ஒவ்வொன்றோடும் 41-ஐக் கூட்டுங்கள்: 41, 43, 47, 53, 61, 71. எல்லாமே பகா எண்கள்! 39×40, அதாவது 1560-உடன் 41 சேர்ந்த 1601 வரை, நாற்பது எண்களில் ஒன்றுகூடப் பிசகாது. கணித மேதை ஆய்லர் 1772-இல் எடுத்துக்காட்டிய விந்தை இது.

41-இல் அப்படி என்ன இருக்கிறது? 43-ஐக் கூட்டினால் இரண்டாவது எண்ணே 45 ஆகிவிடுகிறதே.

விடை மீதிக்கணக்கில் இருக்கிறது. நம் வரிசையின் எண்களை 7-ஆல் வகுத்தால் 0, 2, 5, 6 ஆகிய மீதிகள் மட்டுமே வரும். 41-ஐ 7-ஆல் வகுத்தால் மீதி 6. கூட்டுத்தொகை 7-ஆல் வகுபட வேண்டுமானால் வரிசையிலிருந்து மீதி 1 வர வேண்டும். அது வரவே வராது. 3, 5, 11 என 37 வரைக்கும் இதே கதைதான். ஆக, 41-க்குக் குறைந்த எந்தப் பகா எண்ணாலும் இந்தத் தொகைகளை வகுக்க முடியாது. அப்படியானால் இவற்றில் வரக்கூடிய மிகச் சிறிய பகு எண் 41×41, அதாவது 1681. வரிசை முதன்முதலில் தடுக்கி விழுவதும் சரியாக அங்கேதான்: 40×41+41. அடுத்த எண்ணும் (1763 = 41×43) பகு எண். அதற்கடுத்த 1847 மறுபடி பகா எண்.

17-க்கும் இந்தக் குணம் உண்டு. பதினாறு பகா எண்களைத் தந்துவிட்டு 289-இல், அதாவது 17×17-இல் நிற்கும். 2, 3, 5, 11 ஆகியவையும் இதே ஜாதி. 41-ஐவிடப் பெரிதாக ஏதாவது உண்டா? கேட்க எளிது, பதில்தான் லேசில் கிடைக்கவில்லை. கணித மேதை காஸ் விட்டுச்சென்ற ஒரு பழைய புதிரோடு இந்தக் கேள்வி பின்னிக்கிடப்பதை 1913-இல் ராபினோவிச் என்பவர் காட்டினார். அந்தப் புதிருக்கு ஜெர்மன் பள்ளி ஆசிரியர் கூர்ட் ஹீக்னர் 1952-இல் விடை வெளியிட்டார். பெரிதாக எதுவும் கிடையாது என்பதே அதன் பொருள். நிறுவலில் ஓட்டை இருக்கிறதென்று சொல்லி நிபுணர்கள் ஒதுக்கிவிட்டார்கள். 1960-களின் பிற்பகுதியில் கணிதவியலாளர்கள் பேக்கரும் ஸ்டார்க்கும் தனித்தனியே அதே முடிவை எட்டினார்கள்; ஹீக்னரின் நிறுவலில் பெரிய குறை எதுவும் இல்லை என்றும் ஸ்டார்க் காட்டினார். ஹீக்னர் 1965-லேயே இறந்துபோயிருந்தார்.