பலா மரமும் வீணையும்

அப்புத்தளைச் சரிவுக்குக் கீழே வீட்டுத் தோட்டங்களில் வளரும் பலாவை நம் தச்சர்கள் கதவுக்கும் கட்டிலுக்கும் இழைக்கின்றனர். அதே மரத்தில்தான் தஞ்சாவூர்க் கைவினைஞர்கள், பெரும்பாலும் வீட்டுப் பட்டறைகளில், வீணை செய்கின்றனர். 2013இல் அவ்வீணை புவிசார் குறியீடு பெற்றது. முழு வீணையும் ஒரே கட்டையில் குடையப்பட்டால் அது ஏகாண்ட வீணை. குடைவதைவிடக் கடினமானது மேளம் கட்டுதல். கரி கலந்த மெழுகில் 24 மெட்டுகளையும் செவியால் தேர்ந்து பதிக்க வேண்டும். மெழுகு நாளடைவில் தளரும். மீண்டும் கட்ட ஆளில்லையேல், இறக்குமதி செய்த வீணையும் மூலையில் சாய்ந்துவிடும். மகாராஷ்டிர மாநிலத்தின் மிரஜ் நகரில் ஆயுதம் செய்துவந்த முஸ்லிம் குடும்பங்களே 19ஆம் நூற்றாண்டில் சிதார் செய்யக் கற்றன. நம் தச்சர்களுக்கும் இது கைகூடாத வித்தையன்று. பாடசாலைச் சங்கீத ஆசிரியர் அருகிருந்து சுருதி சொன்னால், பழுதுபார்ப்பிலிருந்தே தொடங்கலாம்.