நவராத்திரி மண்டபத்தில் ஒலித்த பெண்குரல்
பாறசாலை பொன்னம்மாளின் வாழ்வும் அவர் உடைத்த தடையும்

திருவனந்தபுரம்: கிழக்குக்கோட்டைப் பேருந்து நிலையத்தின் இரைச்சலையும் மீறிப் பழவங்காடியில் ஓயாமல் கேட்பது தேங்காய் உடையும் ஓசை. பழைய திருவிதாங்கூரின் நாயர் படையினர் வழிபட்ட கணபதி கோயில் அது. இன்றும் இந்திய ராணுவத்தின் மதராஸ் ரெஜிமெண்ட் பொறுப்பில் உள்ளது. ஊர்ப்பெயரிலேயே "அங்காடி" என்ற பழந்தமிழ்ச் சொல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கடைகளும் குறையவில்லை, தமிழும் குறையவில்லை. சாலைக் கடைத்தெருவிலும் வலியசாலை அக்கிரகாரத்திலும் தலைமுறை தலைமுறையாகத் தமிழ்க் குடும்பங்கள் வாழ்ந்து வருகின்றன.

பழவங்காடியிலிருந்து கோட்டை வாசலைத் தாண்டிச் சில நிமிடம் நடந்தால் பத்மதீர்த்தக் குளம். அதன் அருகே, பத்மநாப சுவாமி கோயிலின் எதிர்ப்புறம், ஓடு வேய்ந்த அடக்கமான கட்டடம் ஒன்று நிற்கிறது. அதுதான் நவராத்திரி மண்டபம். 2006ஆம் ஆண்டு நவராத்திரியின்போது இங்கு ஒரு மூதாட்டி அமர்ந்து பாடினார். அப்போது அவருக்கு 82 வயது நிறையச் சில வாரங்களே இருந்தன. அதற்கு முன் எந்தப் பெண்ணும் அந்த இடத்தில் அமர்ந்து கச்சேரி செய்ததில்லை.

அவர் பாறசாலை பி. பொன்னம்மாள்.

செய்தித்தாள்கள் மறுநாள் "300 ஆண்டு மரபு உடைந்தது" என்று எழுதின. அந்தக் கணக்கு சற்றே தாராளமானது. திருவிதாங்கூரின் தலைநகரம் பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு மாறியதே 18ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான். மண்டபத்தில் ஒன்பது நாளும் பாடப்படும் கிருதிகளை இயற்றிய சுவாதித் திருநாள் பிறந்தது 1813இல், மறைந்தது 1846இல். பூஜையின் பழமை வேறு, கச்சேரியின் பழமை வேறு. ஆனால் பெண்ணுக்கு இடமில்லை என்ற வழக்கம் எத்தனை ஆண்டுப் பழமையானது என்பதைவிட, மற்றெல்லாத் தடைகளும் விழுந்த பிறகும் இது ஏன் நின்றது என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

எல்லை தாண்டி வரும் தேவி

இந்த நவராத்திரி விழாவுக்கு வேறெங்கும் காணாத ஒரு தன்மை உண்டு. விழாவின் நாயகி கேரளத்தில் வசிப்பவள் அல்லள். கன்னியாகுமரி மாவட்டம் தக்கலை அருகே பத்மநாபபுரம் அரண்மனையில் குடிகொண்டுள்ள சரஸ்வதி தேவி ஆண்டுதோறும் யானை மீது ஏறி வருகிறாள். கம்பர் வழிபட்ட திருவுருவம் இது என்பது ஊர் நம்பிக்கை. உடன் வேளிமலைக் குமாரசுவாமியும் சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் வருகின்றனர். குழித்துறையில் ஓரிரவு, நெய்யாற்றின்கரையில் ஓரிரவு தங்கி ஊர்வலம் தலைநகரை அடைகிறது. களியக்காவிளை எல்லையில் இரு மாநிலக் காவல்துறையினரும் மரியாதை செலுத்துகின்றனர்.

1956 நவம்பர் 1ஆம் தேதி மாநிலங்கள் பிரிக்கப்பட்டபோது கன்னியாகுமரி தமிழகத்துடன் இணைந்தது. பத்மநாபபுரம் அரண்மனையோ தமிழக மண்ணில் இருந்தபடியே கேரள அரசின் பொறுப்பில் நீடிக்கிறது. முல்லைப் பெரியாறு பற்றி இரு மாநிலங்களும் நீதிமன்றத்தில் மோதிக்கொண்ட ஆண்டுகளிலும் தேவியின் பயணத்துக்கு இடையூறு நேர்ந்ததில்லை.

களியக்காவிளையைக் கடந்ததும் வரும் முதல் பெரிய ஊர் பாறசாலை. தேவியின் யானை நடந்துவரும் அந்த நெடுஞ்சாலை ஊரில்தான், 1924 நவம்பர் 29ஆம் தேதி, மகாதேவ ஐயர், பகவதி அம்மாள் தம்பதியினருக்குப் பொன்னம்மாள் பிறந்தார். வீட்டு மொழி தமிழ், வெளி மொழி மலையாளம்.

முதல் மாணவி

திருவிதாங்கூரின் கடைசி மன்னர் சித்திரைத் திருநாள் 1936 நவம்பர் 12ஆம் தேதி ஆலயப் பிரவேசப் பிரகடனத்தை வெளியிட்டார். நாடு முழுவதும் அதைத் திரும்பிப் பார்த்தது. மூன்று ஆண்டுகள் கழித்து, 1939இல், அதே மன்னரின் ஆதரவில் திருவனந்தபுரத்தில் இசைப்பள்ளி தொடங்கப்பட்டது. அதுவே பின்னர் சுவாதித் திருநாள் இசைக் கல்லூரி எனப் பெயர் பெற்றது. முதல் தலைவர் ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர். அவரை அடுத்து நீண்ட காலம் பொறுப்பில் இருந்தவர் செம்மங்குடி சீனிவாச ஐயர். தமிழகத்து வித்வான்கள் இருவர், சுவாதித் திருநாள் கிருதிகளைத் தேடித் தொகுத்து மேடைக்குக் கொண்டுவந்ததும் இந்த ஊரிலிருந்துதான்.

அந்தப் பள்ளியில் சேர்ந்த முதல் மாணவி பொன்னம்மாள். முத்தையா பாகவதர், செம்மங்குடி, பாபநாசம் சிவன் ஆகியோரிடம் பயிலும் பேறு அவருக்கு வாய்த்தது. பெண்கள் மேடையேறிப் பாடுவதையே குடும்பங்கள் தயக்கத்துடன் பார்த்த காலம் அது. சென்னையில் டி.கே. பட்டம்மாள் பொதுமேடை ஏறி அப்போது பத்து ஆண்டுகூட ஆகியிருக்கவில்லை. பொன்னம்மாள் படிப்பை முடித்துப் பட்டம் பெற்றார், பள்ளி ஆசிரியை ஆனார், பின்னர் தாம் படித்த கல்லூரியிலேயே முதல் ஆசிரியையாகச் சேர்ந்தார். அதன்பின் திருப்பூணித்துறை ஆர்.எல்.வி. இசைக் கல்லூரியின் முதல் பெண் முதல்வராகவும் பணியாற்றினார். நெய்யாற்றின்கரை வாசுதேவன், திரைப்பட இசையமைப்பாளர் எம்.ஜி. ராதாகிருஷ்ணன் ஆகியோர் அவரது மாணவர் வரிசையில் வருகின்றனர்.

"முதல்" என்ற சொல் அவர் வாழ்க்கைக் குறிப்பில் இத்தனை முறை வருகிறது. ஆனால் அந்தச் சொல் அவருக்குப் பெரிய மேடையைத் தந்துவிடவில்லை. கர்நாடக இசையின் சந்தை சென்னையில் இருக்கிறது. மார்கழியில் எந்த சபாவில், எந்த நேரத்தில் பாடுகிறார் என்பதைக் கொண்டே ஒரு கலைஞரின் தகுதி அளக்கப்படுகிறது. சென்னைக்குக் குடிபெயராதவர், இசைத்தட்டு நிறுவனத்தின் பின்பலம் இல்லாதவர், தமக்கென விளம்பரம் தேடாதவர் எவராயினும் வெளியூர்க்காரராகவே கருதப்படுவார். பெண்ணாகவும் இருந்துவிட்டால் சொல்ல வேண்டியதில்லை. ஆசிரியப் பணியின் சம்பளமும், வானொலியும், கோயில் கச்சேரிகளும், வீடு தேடி வரும் மாணவர்களுமே அவரைப் போன்ற பலரைக் காப்பாற்றின. சபாக்களை அண்டிப் பிழைக்க வேண்டியிராத சுதந்திரம் அதில் உண்டு என்பதையும் மறுக்க இயலாது. அவர் விரும்பிய வேகத்தில், அவர் கற்ற பாடாந்தரத்தில் பாடினார்.

அந்த வேகம் குறித்துச் சொல்லியாக வேண்டும். பதிவுகளில் இன்று கேட்கும்போது முதலில் மனத்தில் படுவது காலப்பிரமாணம். எடுத்த விளம்ப நடை கடைசிவரை ஒரு மாத்திரையும் ஓடுவதில்லை. 85 வயதைக் கடந்த குரல் என்று நம்ப முடியாத அளவுக்குச் சுருதி நிற்கிறது. கைத்தட்டலை எதிர்பார்த்து இறக்கும் ஸ்வரக் கணக்குகள் இல்லை. இரையிம்மன் தம்பி, கே.சி. கேசவ பிள்ளை போன்ற கேரள வாக்கேயகாரர்களின் பாடல்களை அவர் பாடக் கேட்டவர்களுக்கு, அவை சென்னைக் கச்சேரிகளில் ஏன் அரிதாகவே ஒலிக்கின்றன என்ற வியப்பு எழும்.

ஒன்பது இரவுகள், ஒன்பது ராகங்கள்

நவராத்திரி மண்டபக் கச்சேரிக்குக் கைத்தட்டல் கிடையாது. அது தேவிக்கான உபசாரம், ரசிகருக்கான நிகழ்ச்சி அன்று என்பதே அங்கு விதி. எண்ணெய் விளக்கொளியில் தேவி கொலுவிருக்க, ஆண் கலைஞர்கள் மேலாடை இன்றி வேட்டியுடன் அமர்ந்து பாடுவர். கூரையின் உட்புறத்தில் கவிழ்த்துத் தொங்கவிடப்பட்ட மண்பானைகள் ஒலியைச் செம்மைப்படுத்துகின்றன. முல்லமூடு பாகவதர்களின் தோடய மங்கலம் முடிந்ததும் கச்சேரி தொடங்கும். முதல் நாள் சங்கராபரணம், இரண்டாம் நாள் கல்யாணி, பிறகு சாவேரி, தோடி, பைரவி, பந்துவராளி, சுத்த சாவேரி, நாட்டக்குறிஞ்சி, ஒன்பதாம் நாள் ஆரபி. அந்தந்த நாளுக்குரிய கிருதியே அன்றைய மையம். அதை மாற்ற எந்த வித்வானுக்கும் உரிமை இல்லை.

இந்தக் கிருதிகளைப் பொன்னம்மாள் மாணவியாகக் கற்றார், ஆசிரியையாகக் கற்பித்தார். அவரிடமும் அவரைப் போன்றவர்களிடமும் பாடம் கேட்டு ஆண்கள் மண்டபத்தில் சென்று பாடலாம். கற்பித்தவர் பாடக் கூடாது. கொலுவிருப்பவள் பெண், துணைக்கு வந்த நங்கையும் பெண் என்பதை எண்ணினால் முரண் இன்னும் கூர்மையாகிறது.

கோயில் இசைக்குப் பெண்கள் என்றுமே அன்னியராக இருந்ததில்லை என்பதும் நினைவுகூரத் தக்கது. முன்னுதித்த நங்கை புறப்பட்டு வரும் சுசீந்திரத்தில் தேவதாசியர் ஆடலும் பாடலும் நெடுங்காலம் வழிபாட்டின் அங்கமாக இருந்தன. திருவிதாங்கூர்க் கோயில்களில் அம்முறை 1930இல் அரசி சேது லட்சுமிபாயின் ஆட்சிக் காலத்தில் நிறுத்தப்பட்டது. சுரண்டலுக்கு முடிவு கட்டிய சீர்திருத்தம் அது. ஆனால் பெண் குரலுக்கு வேறு கௌரவமான இடத்தைக் கோயில் வளாகத்தில் எவரும் ஒதுக்கித் தரவில்லை.

தஞ்சையிலும் இதே கதை நடந்திருக்கிறது. திருவையாற்றில் தியாகராஜருக்குத் தம் சொத்தைச் செலவிட்டுச் சமாதிக் கோயில் எழுப்பியவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். அங்கு நடந்த ஆராதனையில் பாடப் பெண்களுக்கு அனுமதி இல்லை. அவர் பெண்களைத் திரட்டித் தனியாகவே ஆராதனை நடத்தினார். 1940களின் தொடக்கத்தில் கட்சிகள் ஒன்றுபட்ட பின்னரே பெண்கள் சேர்ந்து பாடும் நிலை வந்தது. சென்னை மியூசிக் அகாதெமி 1968இல் எம்.எஸ். சுப்புலட்சுமிக்குச் சங்கீத கலாநிதி அளித்தது. அந்த விருதை ஒரு பெண் பெற்றது அதுவே முதல் முறை. எம்.எஸ். உலக மேடைகளைக் கண்டபோதும் திருவனந்தபுரத்து மண்டபத்தின் கதவு அவருக்கும் பொதுவாகவே மூடியிருந்தது.

அரச குடும்பத்தைச் சேர்ந்தவரும் இசைக்கலைஞருமான அஸ்வதித் திருநாள் ராம வர்மா முன்னின்று 2006இல் இந்தத் தடையை நீக்கினார். பொன்னம்மாளை அழைத்தது வெறும் சமரசம் அன்று. அந்தக் கிருதிகளை அவ்வளவு நெருக்கமாக அறிந்தவர், அவற்றின் பாடாந்தரத்தைக் கட்டிக்காத்தவர் என்பதால் தகுதியின் அடிப்படையில் எவரும் ஆட்சேபிக்க இயலாத தேர்வு அது. அவர் பாடினார். அவரைத் தொடர்ந்து வேறு பெண் கலைஞர்களும் அங்கு பாடியுள்ளனர்.

அதே 2006இல்தான் சபரிமலையில் பெண்களை அனுமதிக்கக் கோரும் மனு உச்ச நீதிமன்றத்தில் தாக்கலானது. 2018 செப்டம்பரில் தீர்ப்பு வந்தபோது கேரளத் தெருக்கள் கொந்தளித்தன. கோட்டைக்குள் நடந்த மாற்றத்துக்கு நீதிமன்றமும் தேவைப்படவில்லை, காவல்துறையும் தேவைப்படவில்லை. இரண்டையும் ஒரே தட்டில் வைத்து எடைபோட முடியாதுதான். ஒன்று கருவறை சார்ந்த வழக்கு, மற்றது கச்சேரி சார்ந்தது. அரச குடும்பத்தின் விருப்பத்தால் திறந்த கதவு, குடிமக்களின் உரிமையால் திறந்த கதவாகுமா என்று கேட்போரும் உண்டு. நியாயமான கேள்வியே. ஆனால் கதவு திறந்தது.

கேரளத்துக்கு வெளியே இருந்த இசையுலகம் அவரை ஊன்றிக் கவனித்தது இதற்குப் பின்னர்தான். எண்பது வயதைத் தாண்டிய ஒருவரின் கச்சேரிப் பதிவுகள் இணையத்தில் பரவின, இளம் பாடகர்கள் அவரைத் தேடி வந்தனர். மாநில அரசின் சுவாதி புரஸ்காரம் கிடைத்தது. 2017 குடியரசு தின விருதுப் பட்டியலில் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டபோது அவர் வயது 92. தில்லி அவரைக் கண்டுகொள்ள, இசைப்பள்ளியில் அவர் சேர்ந்த நாளிலிருந்து முக்கால் நூற்றாண்டுக்கு மேல் பிடித்தது.

2021 ஜூன் 22ஆம் தேதி, கொரோனா இரண்டாம் அலையின் கட்டுப்பாடுகளுக்கு இடையே, திருவனந்தபுரத்தில் பொன்னம்மாள் தமது 96ஆவது வயதில் காலமானார். பழவங்காடியிலிருந்து நடந்து செல்லும் தூரத்தில் உள்ள வலியசாலையில்தான் அவர் வாழ்ந்த வீடு இருக்கிறது. நவராத்திரிக்கு முன் தேவியின் ஊர்வலம் பாறசாலை வழியாகவே இன்றும் நகருக்கு வருகிறது. முதல் நாள் மாலை மண்டபத்தில் சங்கராபரணம் தொடங்குகிறது.