நீராற் குளிரும் கணினியும் நீங்காத வெப்பமும்

வெப்பத்தை ஆக்கும் பொறி எதுவாயினும், அவ்வெப்பத்தை அகற்றும் வழியும் அதற்கு வேண்டும். கணினியின் மூளை எனத்தகும் முறைவழியாக்கியும் இவ்விதிக்கு விலக்கன்று. பெருவிரல் நகத்தளவான சிலிக்கன் துண்டொன்று கடும் வேலையின்போது 250 உவாற்று வரை வெப்பத்தை வெளியிடுதல் உண்டு. 1980ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் அறிமுகஞ் செய்த 3081 என்னும் பெருங்கணினி நீராலேயே குளிர்விக்கப்பட்டது. இன்று அம்முறையைத் தம் மேசைக் கணினியிலே தாமே பொருத்திக்கொள்வோர் பலர்.

அவ்வாறு பெரும்பொருள் செலவிட்ட பின்னரும் வெப்பநிலை 95 பாகையைத் தொடுமாயின் செய்வது யாது? சிலர் உடனே பெரிய இரேடியேற்றர் ஒன்றை வாங்குவர். வேறு சிலர் முறைவழியாக்கியையே மாற்றுவர். நோயை அறியாது மருந்துண்பது போன்றதே இது.

முதலில் வெப்பம் செல்லும் வழியை அறிதல் வேண்டும். அது முறைவழியாக்கியிலிருந்து பசை வழியாகச் செப்புப் பேழைக்கும், அங்கிருந்து நீருக்கும், நீரிலிருந்து இரேடியேற்றர் வழியாகக் காற்றுக்கும் செல்கின்றது. இவ்வழியில் எவ்விடத்தே தடை உள்ளதென்பதை நீரின் வெப்பநிலையே காட்டிவிடும். ஆதலின் நீரை அளக்கும் வெப்பமானி ஒன்று இன்றியமையாதது.

நீரே மிகச் சூடாயிருப்பின், குறை இரேடியேற்றரின் பக்கத்தது. தூசி அடைத்த தகடுகள், சுழலாத விசிறிகள், பெட்டிக்குள் வெப்பக் காற்றுத் தேங்குதல் ஆகியவற்றை ஆராய்க. ஆயினும், அறைக் காற்றினும் குளிராக நீரை ஆக்க எந்த இரேடியேற்றராலும் இயலாது. கொழும்பில் 30 பாகை வெப்பமுள்ள அறையொன்றிலே நீர் 40 பாகையில் நின்றால் அது குறையாகாது.

நீர் குளிர்ந்திருக்க, முறைவழியாக்கி மட்டும் கொதிக்குமாயின், தடை இவ்விரண்டுக்கும் இடையே உள்ளது. காலமும் இதற்குச் சான்று பகரும். ஒரு இலீற்றர் நீரில் 250 உவாற்று வெப்பம் முழுவதும் சேர்ந்தாலும், நிமிடமொன்றுக்கு ஏறத்தாழ 3½ பாகையே நீர் சூடேறும். ஆகவே வேலை தொடங்கிய சில விநாடிகளிலேயே வெப்பம் உச்சத்தை எட்டினால், பழி இரேடியேற்றரைச் சாராது. மெல்ல மெல்ல அரைமணி நேரம் ஏறினால் அதனை ஐயுறலாம்.

இடைத்தடைக்குக் காரணங்கள் பல. பேழையின் அடியிலுள்ள பாதுகாப்புத் தாளை நீக்க மறந்திருக்கலாம், திருகாணிகள் சமமாக இறுகாதிருக்கலாம், பசை உலர்ந்திருக்கலாம். நீர் புகும் வாயும் வெளியேறும் வாயும் மாறியிருத்தலும் கூடும். பம்பி நின்றாலோ, காற்றுக்குமிழ் சிக்கினாலோ நீரோட்டம் குன்றும். பெட்டியை மெல்லச் சாய்த்தாற் குமிழ் வெளியேறும். நீரின்றிப் பம்பியை ஓட்டுதல் அதனைக் கெடுக்கும்.

மாதங்கள் கழிந்து தோன்றும் வெப்பத்துக்குப் பேழையினுள்ளேயுள்ள நுண்ணிய கால்வாய்களின் அடைப்பே பெரும்பாலும் காரணமாகும். மென்குழாய்களிலிருந்து கசியும் பொருளும் பாசியும் அங்கே படியும். செப்பும் அலுமினியமும் ஒரே நீரிற் கூடினால் அலுமினியம் அரிக்கப்படும். இவ்விரண்டையும் ஒருங்கே சேர்த்தல் ஆகாது.

யாவும் செவ்வனே இருப்பின் மின்னழுத்தத்தை நோக்குக. தாய்ப்பலகை தேவைக்கு மிஞ்சிய அழுத்தத்தை வழங்கினால் வெப்பம் பெருகும். 2024இல் இன்ரெல் நிறுவனம் தனது 13ஆம், 14ஆம் தலைமுறை மேசைக் கணினி முறைவழியாக்கிகளில் மிகை அழுத்தத்தால் நேர்ந்த கேட்டை ஒப்புக்கொண்டு, திருத்தமும் வெளியிட்டது. மாறாக, 2022இல் வந்த ஏ.எம்.டி. ரைசன் 7000 வரிசையிற் சில, கடும் வேலையில் 95 பாகை வரை செல்லுமாறே அமைக்கப்பட்டவை.

பேழையைக் கழற்றுமுன் மின்னிணைப்பை நீக்குதலும், மீளப் பூட்டியபின் கசிவு உண்டோவெனப் பார்த்தலும் கடமையாகும். ஒருவேளையில் ஒன்றை மட்டும் மாற்றி, மீண்டும் அளந்து பார்ப்பவர் குறையைக் கண்டுபிடிப்பர். அனைத்தையும் ஒருங்கே மாற்றுபவர், வெப்பம் தணிந்தாலும் அது எதனால் தணிந்தது என்பதை அறியார்.