சட்டம் பிறந்த பின்னர்

மசோதா ஒன்று சட்டமாகும் முறையைக் குடியியற் பாடத்திலே கற்பிக்கும் ஆசிரியர், மன்றம் அதனை ஏற்று நாட்டுத் தலைவர் ஒப்பமிட்டார் என்று கூறியதும் கரும்பலகையைத் துடைத்துவிடுவது வழக்கம். பல்லாண்டுகள் யானும் அவ்வாறே செய்து வந்தேன். ஆனால், சட்டம் பிறந்த பின்னர் அதற்கு நேர்வது யாது என்பதே உண்மையிற் பெரிய வினா. அமெரிக்க ஐக்கிய நாடுகளிலே மோட்டார் கார்களின் பாதுகாப்பு விதிகள் பட்ட பாடு இவ்வினாவை நன்கு விளக்கும்.

வீதி விபத்து என்றால் குற்றம் சாரதியுடையதே என்பது அந்நாட்டில் நெடுங்காலம் நிலவிய கருத்து. கார் செய்யும் கம்பனிகளும் அதனையே வளர்த்து வந்தன. சாரதி தவறலாம், வீதி வழுக்கலாம். எனினும் கார் மோதுண்டதும் உள்ளிருப்பவரின் நெஞ்சைச் சுக்கான் தண்டு ஏன் நசுக்க வேண்டும், தலை ஏன் கண்ணாடியில் உடைய வேண்டும் என்று கேட்டவர் சிலரே. 1965 நவம்பரில் ரால்ப் நேடர் என்ற இளம் சட்டத்தரணி வெளியிட்ட நூல் அக்கேள்வியை நாடறியக் கேட்டது. ஜெனரல் மோட்டர்ஸ் கம்பனியின் கோர்வேர் என்னும் காரில், அமைப்பிலேயே குறை உண்டென்று அவர் குற்றஞ்சாட்டினார்.

நூலுக்கு மறுமொழி கூறுவதினும் நூலாசிரியரைத் துருவுவது எளிதென அக்கம்பனி எண்ணிற்றுப் போலும். துப்பறிவோரை அமர்த்தி அவருடைய அந்தரங்க வாழ்வை ஆராயச் செய்தது. செய்தி வெளிப்பட்டது. 1966 மார்ச்சு மாதத்தில் கம்பனியின் தலைவர் செனற் சபையின் உபகுழு முன் தோன்றி மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. மக்களின் சினம் மூண்டது. அவ்வாண்டிலேயே இரு சபைகளும் எதிர்வாக்கு ஒன்றேனுமின்றி மோட்டார் வாகனப் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றின. செப்டெம்பர் 9ஆந் திகதி ஜனாதிபதி லிண்டன் ஜோன்சன் அதில் ஒப்பமிட்டார். அந்த ஆண்டில் மட்டும் அமெரிக்க வீதிகளில் இறந்தோர் 50,000 பேருக்கு மேலாவர்.

கரும்பலகையை யான் துடைத்து வந்தது இவ்விடத்திலேதான். கதை தொடங்குவதும் இவ்விடத்திலேதான்.

சட்டம் என்பது எலும்புக்கூடு. அதன்மேல் தசையை வளர்ப்பவை ஒழுங்குவிதிகள். காரில் எவ்வெப்பாதுகாப்பு அமைய வேண்டும், எந்நாளிலிருந்து அமைய வேண்டும் என்பவற்றைச் சட்டம் விரித்துரைக்கவில்லை. அதற்கான அதிகாரத்தை அரசாங்கத் திணைக்களத்திற்கு வழங்கிற்று. திணைக்களம் விதியை வகுக்குமுன் சம்பந்தப்பட்டோரின் கருத்தைக் கேட்க வேண்டும். நேர்மையான ஏற்பாடே. ஆனால் கருத்துக் கூற வருபவர் யார்? கம்பனிக்குப் பொறியியலாளர் உண்டு, கணக்கர் உண்டு, சட்டத்தரணிகள் உண்டு. அடுத்த ஆண்டு விபத்தில் இறக்கப் போகின்றவருக்கோ, தாம் இறக்கப் போவதே தெரியாது. ஆதலின் அவர் சார்பிற் கதவைத் தட்டுவார் அரியர்.

காற்றுப்பையின் வரலாற்றைப் பாருங்கள். கார் மோதுண்ட மாத்திரத்தில், கண் இமைக்கும் நேரத்திற்குள் வாயு நிரம்பி விரிந்து, உள்ளிருப்பவரின் தலையையும் மார்பையும் தாங்கும் பை அது. ஆசனப் பட்டியை மாட்ட மறந்தவரையும் தானாகவே காக்கும் சாதனம் ஒன்று கார்களில் அமைய வேண்டுமென, 208ஆம் இலக்க நியமத்தின் மூலம் 1970இல் திணைக்களம் விதித்தது. 1971 ஏப்ரில் 27ஆந் திகதி, போர்ட் கம்பனியின் அதிபர் இரண்டாம் ஹென்றி போர்டும் அதன் தலைவர் லீ அயகோக்காவும் வெள்ளை மாளிகையில் ஜனாதிபதி நிக்சனைத் தனியே சந்தித்து, பாதுகாப்பு விதிகளின் சுமையைப் பற்றி முறையிட்டனர். அவ்வுரையாடல் ஒலிப்பதிவு நாடாவிற் பதிந்து, பிற்காலத்தில் உலகறிய வெளியாயிற்று. அவ்வாண்டு முடியுமுன்னரே விதி நடைமுறைக்கு வரும் நாள் பின்தள்ளப்பட்டது. அதன் பின்னரும் தவணை மேல் தவணை.

கம்பனிகளின் நியாயங்களையும் கூறுதல் முறை. செலவு மிகும், விலை ஏறும், சாதனம் இன்னும் பக்குவப்படவில்லை என்றனர். பக்குவத்தைப் பற்றிய அச்சம் முற்றும் பொய்யன்று. பிற்காலத்தில் முன்னாசனத்திலிருந்த சிறுவர் சிலர் காற்றுப்பையின் வேகத்தாலேயே உயிரிழந்தனர். ஆயினும் 1974 முதல் 1976 வரை ஜெனரல் மோட்டர்ஸ் கம்பனியே ஏறத்தாழ 10,000 கார்களிற் காற்றுப்பை பொருத்தி விற்றது. எனவே, அது செய்யவியலாத காரியமன்று. குறையிருப்பின் அதனைத் திருத்தும் வழி ஆராய்ச்சியேயன்றி ஒத்திவைப்பன்று.

1981இல் ரேகன் அரசாங்கம், தொழிலின் நலிவைச் சுட்டி விதியை முதலில் ஓராண்டு தள்ளிவைத்தது. அக்டோபரில் அடியோடு நீக்கிற்று. நீக்கியதற்குக் கூறிய காரணம் விந்தையானது. தானியங்கும் பட்டி, காற்றுப்பை ஆகிய இரண்டில் எதனையும் பொருத்தலாம் என விதி இடமளித்திருந்தது. கழற்றிவிடக்கூடிய பட்டியையே கம்பனிகள் பொருத்தப் போகின்றன. அதனால் பெரும்பயன் விளையாது. ஆதலின் விதி வேண்டா என்றனர். அவ்வாறாயின் காற்றுப்பையையே கட்டாயமாக்குவது பற்றி ஏன் எண்ணிப் பார்க்கவில்லை என்று 1983இல் அந்நாட்டின் அதியுயர் நீதிமன்றம் கேட்டது. நீக்கியது முறையன்று எனத் தீர்த்தது. காற்றுப்பைக்கு எதிராக மோட்டார்த் தொழில் பத்தாண்டளவாக ஒரு போரே நடத்தியதென்றும் அத்தீர்ப்புச் சுட்டிற்று. அவ்வழக்கைத் தொடுத்தவருள் ஸ்டேட் பாம் என்னும் காப்புறுதிக் கம்பனியும் ஒன்று. உயிர்ச்சேதத்திற்கு இழப்பீடு வழங்குபவர் அவராதலின், இங்கு ஒரு வணிகத்தின் நலனும் மக்களின் நலனும் ஒருங்கே நின்றன. அத்தகைய துணை எப்போதும் வாய்ப்பதில்லை.

இறுதியில் 1991இல் இயற்றப்பட்ட சட்டமே, 1998ஆம் ஆண்டு மாதிரி முதலாகப் புதிய கார்கள் அனைத்திலும் முன்னாசனம் இரண்டிற்கும் காற்றுப்பையைக் கட்டாயமாக்கிற்று. 1987 முதல் 2017 வரை காற்றுப்பை காத்த உயிர்கள் 50,000க்கு மேல் என அத்திணைக்களமே மதிப்பிடுகின்றது. தவணைகளால் இழந்த ஆண்டுகளில் அவ்வாறு தப்பியிருக்கக் கூடியோர் எத்தனை பேர்?

நேயர்களே, இவ்வரலாற்றிற் கைக்கூலி வாங்கியவர் எவரையும் யான் சுட்டவில்லை. அது தேவைப்படவுமில்லை. கதவைத் தட்டுவோர் ஒரு பக்கத்தார் மட்டுமே ஆகும்போது, நல்லெண்ணமுடைய அதிகாரியும் அப்பக்கமே சாய்வார். சட்டத்திற்கு ஒப்பமிட்டவர் பெயர் ஏட்டில் நிற்கின்றது; தாமதத்திற்கு ஒப்பமிட்டவர் பெயர் எங்கும் நிற்பதில்லை. ஆகவே, சட்டம் நிறைவேறிய நாளில் மகிழும் குடிமக்கள், மறுநாளும் விழித்திருந்து, விதி எழுதப்படும் மேசையருகே யார் அமர்ந்திருக்கின்றார் எனக் கேட்டல் வேண்டும்.

இப்பொழுதெல்லாம் அப்பாடத்தின் முடிவிற் கரும்பலகையை யான் உடனே துடைப்பதில்லை. கடைசி வரியின் கீழே ஒரு வினாக்குறியை இட்டு வைக்கின்றேன்.