ஒரு நிமிஷம்... படிச்சுட்டுக் கொடுங்க!

எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. பி.எஸ்ஸி. வேதியியல் படித்தவள் நான். காலேஜ் லாபில் பியூரெட்டிலிருந்து ஒரு சொட்டு கூடுதலாக விழுந்தாலும், கொட்டிவிட்டு மறுபடி முதலிலிருந்து அளந்தவள். அப்பேர்ப்பட்ட நான், என் பதினோரு மாதக் குழந்தைக்கு ஜுர மருந்தை ஐந்து மடங்கு கொடுத்துவிட்டேன்.

போன ஐப்பசி. கும்பகோணத்தில் அடைமழை. குழந்தைக்கு உடம்பு அனலாய்க் கொதித்தது. வழக்கமாகப் பார்க்கிற டாக்டர் ஊரில் இல்லாததால், அன்று வேறொரு டாக்டரிடம் காட்டினோம். அவரும் பாராசிட்டமால்தான் எழுதிக் கொடுத்தார். 'ஓ, அதே மருந்துதானே' என்று நான் சீட்டைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. முன்பு அந்த மருந்தை 5 மில்லி கொடுத்துப் பழக்கம். ராத்திரி பத்து மணிக்கு, வீறிட்டு அழும் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, பழைய மருந்தோடு வந்த பிளாஸ்டிக் கரண்டியில் கோடு வரை ஊற்றிப் புகட்டிவிட்டேன்.

கண்டுபிடித்தது என் மாமியார். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். ஆங்கிலம் தெரியாது. ஆனால் கடலை மடித்து வந்த காகிதத்தைக்கூடப் படிக்காமல் தூக்கி எறிய மாட்டார். பாட்டிலைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்தார்.

"ஏம்மா, போன தடவை பாட்டில் பெரிசா இருந்துச்சே? இது என்ன மைக்கூடு கணக்கா இருக்கு? கூடவே இங்க் பில்லர் வேற வச்சிருக்கான். நீ கரண்டியில ஊத்திட்டியா?"

அப்போதுதான் விளக்கடியில் கொண்டுபோய் லேபிளைப் படித்தேன். சீட்டையும் படித்தேன். '1 மில்லி' என்று தெளிவாகவே எழுதியிருந்தது. கால் இரண்டும் துவண்டுவிட்டன.

விஷயம் இதுதான். குழந்தைகளுக்கான பாராசிட்டமால் சிரப்பாகவும் வருகிறது, சொட்டு மருந்தாகவும் வருகிறது. நான் முன்பு கொடுத்த சிரப்பில் 5 மில்லிக்கு 120 மில்லிகிராம் மருந்து. (5 மில்லிக்கு 250 உள்ளதும் கடையில் உண்டு.) சொட்டு மருந்திலோ ஒரே ஒரு மில்லியில் 100 மில்லிகிராம்! பாட்டில் சிறிசு, அதனால் மருந்தும் லேசு என்று நாம் நினைக்கிறோம். நிஜத்தில் அதுதான் நாலு மடங்கு கெட்டி. கைக்குழந்தை நிறையக் குடிக்காது என்பதற்காகவே அப்படித் தயாரிக்கிறார்கள். இந்த மருந்தைக் குழந்தையின் எடை பார்த்து, கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம் என்று கணக்கிடுகிறார்கள். என் பெண் 9 கிலோ. நான் கொடுத்தது 500 மில்லிகிராம்.

கொட்டும் மழையில் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். டியூட்டியில் இருந்த இளம் பெண் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை தடவை கொடுத்தீங்க?" ஒரு தடவைதான் என்றதும் அவர் முகம் தளர்ந்தது. பாட்டிலை வாங்கிப் பார்த்தார், குழந்தையை எடை போட்டார், கணக்குப் பண்ணினார். "ஒரு தடவையோட நின்னதால பயமில்லை. இதையே நாளைக்கு நாலு தடவைன்னு ரெண்டு நாள் கொடுத்திருந்தா ஈரல் பழுதாகியிருக்கும். ஆரம்பத்துல வெளியில ஒண்ணும் தெரியாது" என்றார். விடியும்வரை அங்கேயே வைத்துப் பார்த்துவிட்டு அனுப்பினார்கள். குழந்தை நிம்மதியாகத் தூங்கியது. நான்தான் தூங்கவில்லை.

இப்படி ஏமாந்தவள் நான் ஒருத்தி மட்டுமல்ல. அமெரிக்காவிலும் இதே குழப்பம் இருந்திருக்கிறது. கைக்குழந்தைகளுக்கான கெட்டி மருந்தை 2011-ல் மருந்துக் கம்பெனிகள் கைவிட்டு, குழந்தைகளின் திரவ மருந்து எல்லாமே 5 மில்லிக்கு 160 மில்லிகிராம் என்று ஒரே அளவாக்கிவிட்டன. நம் ஊரில் இன்னமும் தனித்தனிதான். ஆகவே படிக்கிற பொறுப்பு நம் தலையில்.

வீட்டுக்கு வந்ததும் எனக்கு ஆவேசம். ஒரு முழுத்தாளில் பன்னிரண்டு விதிகள் எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினேன். 'மருந்து கொடுக்குமுன் அவசியம் கவனிக்கவும்' என்று சிவப்பு மையில் தலைப்பு வேறு. எத்தனை பேர் படித்தார்கள் என்கிறீர்கள்? ஒருவரும் இல்லை. பத்தே நாளில் அதன்மேல் பால் கணக்குச் சீட்டு தொங்கியது. வேடிக்கை என்னவென்றால், பத்தாவது விதி என்ன என்று என் கணவர் கேட்டபோது எழுதிய எனக்கே நினைவில்லை!

யோசித்துப் பார்த்தால் படிக்காததற்கு நியாயமும் இருக்கிறது. மருந்துப் பெட்டிக்குள் வரும் காகிதம் எறும்பு ஊர்வது போன்ற எழுத்தில், பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கிறது. அதைப் பிரிக்க வேண்டிய நேரமோ குழந்தை கதறும் நேரம். அந்தச் சமயத்தில் யாருக்குப் படிக்கத் தோன்றும்? குழந்தை சுகமாக இருக்கும்போதே, மருந்து வாங்கி வந்த உடனேயே படித்துவிட வேண்டும். படித்ததில் அவசியமானதை மட்டும், கை படும் இடத்தில் வைக்க வேண்டும்.

ஃப்ரிட்ஜ் தாளைக் கிழித்துவிட்டு பாட்டிலிலேயே பிளாஸ்திரி ஒட்டினேன். தமிழில், கொட்டை எழுத்தில், 'பாப்பா 9 கிலோ. பில்லரில் 1 மில்லி. கரண்டி கூடாது. 6 மணி நேரத்துக்கு ஒரு தடவை மட்டும்.' அவ்வளவுதான். (இது என் குழந்தைக்கு டாக்டர் சொன்ன அளவு. தயவுசெய்து உங்கள் குழந்தைக்கு இதை எடுத்துக்கொள்ளாதீர்கள்.) டாக்டர் சீட்டைப் பாட்டிலைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டுவிட்டேன். அதைக் கழற்றாமல் மூடியைத் திறக்க முடியாது. கொடுத்த நேரத்தை அந்தச் சீட்டின் பின்புறமே குறித்துவிடுவோம். அம்மா ஒரு தடவை, அது தெரியாமல் அப்பா ஒரு தடவை என்று கொடுப்பது எல்லார் வீட்டிலும் நடக்கிறதுதானே? காலாவதித் தேதியையும் பெரிசாக எழுதச் சொன்னது மாமியார்.

என் கணவர் விஷயம் தனி. "படிச்சீங்களா?" என்றால் "ம், ம், படிச்சேன்" என்பார். அதனால் இப்போது அப்படிக் கேட்பதில்லை. "எவ்வளவு கொடுக்கப் போறீங்க?" என்று கேட்கிறேன். பதில் சொல்ல அவர் பாட்டிலைப் பார்த்தே ஆகவேண்டும்.

நாத்தனாரிடம்தான் அடி வாங்கினேன். அவள் பையனுக்கு வயிற்றுப்போக்கு. ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஒன்றை ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்துக்கொண்டிருந்தாள். அது ஒரு லிட்டர் பொட்டலம். ஒரு டம்ளரில் கரைத்தால் உப்பு அதிகமாகி, ரத்தத்தில் உப்பு ஏறி, பேதியும் கூடும். அதே மாதிரி, 200 மில்லி தண்ணீருக்கான சின்னப் பொட்டலமும் விற்கிறது. அதை ஒரு லிட்டரில் கரைத்தால் பிரயோஜனமில்லை. கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைத்துக்கொள்ளவும் கூடாது. இவ்வளவும் பொட்டலத்திலேயே இருக்கிறது. "அண்ணி, அதைப் படிச்சுப் பார்த்தீங்களா?" என்று கேட்டுவிட்டேன். "ஏன், எனக்குப் படிக்கத் தெரியாதுன்னு நினைச்சியா? ரெண்டு பிள்ளையை வளர்த்தவ நான்!" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மாமியார் மெதுவாக உள்ளே வந்தார். "கண்ணு, எனக்குக் கண்ணாடி எங்கேயோ போச்சு. இதுல என்னமோ தண்ணி அளவு போட்டிருக்காம், கொஞ்சம் படிச்சுச் சொல்லேன்." நாத்தனார் படித்தாள். பாதியில் நிறுத்தினாள். சத்தமில்லாமல் டம்ளரைக் கவிழ்த்துவிட்டு, ஒரு லிட்டர் அளக்கும் பாத்திரத்தைத் தேட ஆரம்பித்தாள். அத்தையின் கண்ணாடி அவர் தலையிலேயேதான் இருந்தது!

சளி மருந்துக்கும் இதே கதைதான். குளோர்பெனிரமின், பினைலெப்ரின் இரண்டும் கலந்த மருந்தை நாலு வயசுக்குக் குறைந்த குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது, அதை லேபிளிலும் அச்சிட வேண்டும் என்று மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023 டிசம்பரில் உத்தரவு போட்டது. 'பெரியவனுக்கு வாங்கினது மிச்சம் இருக்கு' என்று சின்னதுக்கு ஊற்றுமுன் அந்த வரியைத் தேடிப் பாருங்கள்.

போன வாரம் மறுபடியும் ஜுரம். நடுராத்திரி இரண்டு மணிக்கு என் கணவர் எழுந்து, அரைத் தூக்கத்தில் ரப்பர் பேண்டைக் கழற்றிக்கொண்டே ஒப்பித்தார். "பாப்பா 9 கிலோ, பில்லர்ல 1 மில்லி, கடைசியா கொடுத்தது எட்டு மணி..."

அடுத்த அறையிலிருந்து அத்தையின் குரல் வந்தது. "9 கிலோ போன ஐப்பசியில. இப்ப எவ்வளவுன்னு டாக்டரைக் கேட்டியா? தேதியைப் பார்த்தியா?"

அவர் பாட்டிலை எடுத்துக்கொண்டு மறுபடி விளக்கடிக்குப் போனார்.